‘மூணு அங்குலம்’ என்று சொன்னது யார்?

கேள்வி: மகனுக்கு 19 வயது. போலீஸ் வேலைதான் கனவு. பி.சி. பிரிவுக்கு 170 செ.மீ. வேண்டும், அவன் 168. காக்கிச் சட்டையில் மகன் சல்யூட் அடிக்க, தாய் கண்கலங்கும் டிவி விளம்பரத்தைப் பார்த்து, நகையை அடகு வைத்து 18,500 ரூபாய்க்கு உயர வளர்ச்சிப் பவுடர் 3 செட் வாங்கினேன். போனில் பேசிய பெண், ஆறு மாதத்தில் மூணு அங்குலம் நிச்சயம் என்றார். ஒரு மில்லிமீட்டர்கூட வளரவில்லை. தாய் மனதோடு விளையாடியவர்களிடம் 10 லட்சம் நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: சகோதரி, அழ வைத்ததற்காக வழக்குப் போட முடியாது. அடகு நகையும் மகனின் ஏமாற்றமும் மனுவில் ஒரு பத்திக்கு மேல் போகாது. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, போனில் பேசிய பெண்ணின் ‘மூணு அங்குலம்’, அதுதான் உங்கள் வழக்கு.

என்னிடம் வந்த இப்படிப்பட்ட விளம்பரங்களில் அளவே இருக்காது. காக்கி, சல்யூட், கண்ணீர். மீதியைத் தாயின் ஆசை நிரப்பிக்கொள்ளும். வாக்குறுதி போனில்தான் வரும், எழுத்தில் வராது. பிள்ளையின் குறையை வைத்துத் தாயைப் பிடிக்கும் இந்த வியாபாரம் எனக்கு அருவருப்பு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வாய்ப்பேச்சும் நேர்மையற்ற வணிகமாகலாம். ஆனால் சொன்னார் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். வாட்ஸ்அப், அழைப்புப் பதிவு எது இருந்தாலும் அந்த போனை மாற்றாதீர்கள்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஆயுர்வேத மருந்து உரிமம் இருந்தால், 1954-ம் ஆண்டு மாய மருந்து விளம்பரச் சட்டத்தின் அட்டவணையில் ‘உயரம்’ இருக்கிறது. அப்படி விளம்பரம் செய்வதே குற்றம். எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருந்தால், இது உணவு, அந்தச் சட்டம் பொருந்தாது என்பார்கள். அப்போது 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 53 இருக்கிறது, 10 லட்சம் வரை அபராதம். அது அரசுக்குப் போகும் பணம், உங்களுக்கு அல்ல.

பலரும் விழுகிற குழி இனிமேல்தான். ‘சொன்னபடி ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டானா?’ இதுதான் எதிர்த்தரப்பின் முதல் கேள்வி. டெல்லியில் 79 ரூபாய் சிவப்பழகு க்ரீமுக்காக ஒருவர் 2013-ல் போட்ட வழக்கிலும், சரியாகப் பயன்படுத்தவில்லை என்றே வாதிட்டார்கள். ஜெயித்தார், மேல்முறையீட்டில் ரத்தாகித் திரும்பி வந்தது, மாவட்ட நுகர்வோர் ஆணையம் மறுபடி தீர்ப்பு சொன்னது 2024 டிசம்பரில். என்னிடம் வந்த ஒரு தகப்பனாரோ காலி டப்பாக்களை எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். மகனின் பழைய உயரத்துக்கு ஆதாரம் வாசல் நிலையில் போட்ட பென்சில் கோடு. வீட்டுக்கு பெயின்ட் அடித்தபோது அதுவும் போனது.

அதனால் டப்பா, பில் எல்லாம் பத்திரம். பள்ளியிலோ ஆள்சேர்ப்பிலோ எடுத்த பழைய உயரப் பதிவைத் தேடுங்கள். அரசு மருத்துவமனையில் இந்த வாரமே அளந்து தேதியோடு சான்று வாங்குங்கள். வழக்குப் போடக் காலக்கெடு இரண்டு ஆண்டுதான்.

10 லட்சத்தை மறந்துவிடுங்கள். வக்கீல் நோட்டீஸ் போனதும் 18,500-ஐத் தருகிறோம் என்றால் வாங்கி நகையை மீட்டுவிடுங்கள், சமரசம்தான் நல்லது. ஆனால் ரசீதில் ‘பொருளில் குறையில்லை’, ‘எங்கும் புகார் செய்யமாட்டேன்’ என்று இருந்தால் அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு விளம்பரத்தைப் பற்றி எழுதும் வழி உங்களுக்குத் திறந்திருக்க வேண்டும். அடுத்த தாய்க்கு அது உதவும்.

அந்தப் பெண் மறுபடி கூப்பிடுவார், இன்னும் ஒரு செட் எடுத்தால் பலன் தெரியும் என்பார். எடுத்தீர்களானால், முதல் மூன்று செட்டில் உங்களுக்குத் திருப்தி என்பதற்கு அந்தப் பில்லையே நீட்டுவார்கள்.