தைராய்டு மாத்திரை: அளவைக் கூட்டும் முன்

கேள்வி: வயது 58. தைராக்சின் 75 மைக்ரோகிராம் சாப்பிட்டும் அசதி, முடி உதிர்வு, மலச்சிக்கல் தீரவில்லை. டி.எஸ்.ஹெச். (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) 7.8. நானே 100 ஆக்கிக்கொள்ளலாமா? காலையில் காபியோடு இதையும் இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்தே போடுகிறேன்.
- வாசகி, தேவகோட்டை

பதில்: வேண்டாம் ஆச்சி. உங்கள் கடைசி வரியிலேயே பாதி விடை இருக்கிறது. காபியும் இரும்புச்சத்தும் தைராக்சினை உடம்பில் சேரவிடாது. 75 போட்டாலும் முழுதாக ரத்தத்துக்குப் போவதில்லை.

எழுந்ததும் வெறும் வயிற்றில், பச்சைத் தண்ணீரில் மாத்திரை. காபி, பலகாரம் எல்லாம் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்து. (காபிப் பிரியர்களுக்குக் கஷ்டம்தான்!) இரும்பு, கால்சியம், ஜெலுசில் போன்றவற்றுக்கு 4 மணி நேர இடைவெளி. மாத்திரைக் குப்பியை அடுப்பங்கரையில் வைக்காதீர்கள். சூடும் ஈரமும் வீரியத்தைக் குறைக்கும். கம்பெனியை அடிக்கடி மாற்றவும் வேண்டாம்.

இப்படி 6 முதல் 8 வாரம் சாப்பிட்டுவிட்டு டி.எஸ்.ஹெச். பாருங்கள். அதற்குமுன் பார்த்தால் சரியான அளவு தெரியாது. முடிக்காகப் பயோட்டின் (ஒரு வைட்டமின்) சாப்பிட்டால் பரிசோதனைக்கு 2 நாள் முன்பே நிறுத்துங்கள், முடிவைப் புரட்டிவிடும்.

அப்போதும் டி.எஸ்.ஹெச். கூடுதலாக இருந்தால் மருத்துவர் 12.5 அல்லது 25 மைக்ரோகிராம் ஏற்றுவார். உங்கள் வயதில் அளவு மிஞ்சினால் படபடப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, எலும்புத் தேய்மானம் வரும். இதய நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டி.எஸ்.ஹெச். சரியாகியும் அசதி நீடித்தால் மாத்திரையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), பி12, சர்க்கரை பார்க்க வேண்டும். தூக்கம் கெட்டாலும் அசதி வரும்; குறட்டை உண்டா என்று வீட்டில் கேளுங்கள்.