துக்கம் உள்ள வீட்டில் துயர நாவல்கள்

கேள்வி: சென்ற ஆண்டு மீன்பிடிக்கப் போன என் கொழுந்தன் விசைப்படகிலிருந்து தவறிக் கடலில் விழுந்தார். உடல் கரை ஒதுங்கவே இல்லை. மீன்பிடித் தடைக்காலம் முழுவதும் மாமனார் யாரோடும் பேசாமல் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டே இருந்தார். மாமியார் இன்றும் கொழுந்தனின் சாப்பாட்டுத் தட்டை இரவுதோறும் கழுவி வைக்கிறார். குடும்பத் துயரைச் சொல்லும் நாவல்களை நான் தேடித் தேடிப் படிக்கிறேன். "சாவுக் கதையை வீட்டுக்குள் கொண்டுவராதே" என்று மாமியார் கோபப்படுகிறார். படிப்பதை நிறுத்திவிடவா?
- ஒரு வாசகி, பாம்பன்

பதில்: நிறுத்த வேண்டாம், சகோதரி. ஆனால் உங்கள் மாமியாரின் கோபத்தை நாவலின் மீதான வெறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் மனத்தில் மகன் இன்னும் வீடு திரும்பாதவன்தான். தட்டைக் கழுவி வைக்கும் தாயின் கண்ணெதிரே சாவைப் பற்றிய புத்தகம் கிடந்தால், தான் ஒப்புக்கொள்ளாத ஒன்றை மருமகள் முடிவுகட்டிவிட்டாள் என்றே அவருக்குத் தோன்றும். காணாமல் போனவரை இறந்தவராகக் கருதச் சட்டமே 7 ஆண்டுகள் காத்திருக்கச் சொல்கிறது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை இழந்த கரை உங்களுடையது. உடலைக் காணாமலே துக்கம் காத்தவர்களின் கதைகளை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் கேட்டிருப்பார்கள்.

இத்தகைய நாவல்களை ஆறுதலுக்காக மட்டும் படித்தால் ஏமாற்றமே மிஞ்சும் என்பது என் எண்ணம். ஒரே சாவு ஒரே வீட்டில் ஒவ்வொருவரையும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு விதமாகத் தாக்குகிறது என்பதைப் பொறுமையாகக் காட்டுவதில்தான் அவற்றின் பெருமை இருக்கிறது. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) நாவலில், தாயை இழந்த பிலோமி, அந்தத் தாயின் மேல் அன்பு வைத்திருந்த ஊர் வாத்தியாரோடு பேசிப் பழகுகிறாள். தகப்பன் குரூஸ் மிக்கேலோ தன்னுடைய வல்லத்தின் (நாட்டுப் படகின்) மேலுள்ள பற்றோடும் பிடிவாதத்தோடும் தனித்துப்போகிறார். இருவரும் ஒரே வீட்டுக்காரர்கள்தாம். அதைப் படித்த பிறகு, வலையை விட்டு எழாத உங்கள் மாமனாரைப் பாருங்கள். அவருடைய மௌனத்தைக் கல்நெஞ்சம் என்று எண்ண உங்களுக்கு மனம் வராது.

2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற இமையத்தின் 'செல்லாத பணம்' இன்னும் கனமானது. தீக்காயப்பட்ட மகளுக்காக மருத்துவமனையில் காத்துக் கிடக்கும் பெற்றோரும் அண்ணனும், முன்பு அவளிடம் பேசாமல் விட்டதையெல்லாம் எண்ணி உள்ளுக்குள் நொறுங்குவதை அது விரிவாகச் சொல்கிறது. குற்ற உணர்வை இவ்வளவு நேர்மையாக எழுதிய தமிழ் நாவல்கள் குறைவு. ஆயினும் சிகிச்சை அறையின் வேதனை பக்கத்துக்குப் பக்கம் வருவதால், இப்போதைக்கு அதைத் தள்ளி வையுங்கள்.

முதலில் 'கடல்புரத்தில்' போதும்; சிறிய நூல்தான். மாமியார் கண்ணில் படாதபடி ஒளித்து வைத்துப் படிக்க வேண்டியதில்லை, அவர் முன்னால் விரித்து வைக்கவும் வேண்டாம். அவராக என்றைக்காவது என்ன கதை என்று கேட்டால், பிலோமி வாத்தியாரைப் பார்க்கப் போகும் இடத்திலிருந்து சொல்லத் தொடங்குங்கள்.