பச்சைக் கோடு ஏறி இறங்குகிறதா? – கணினி கேள்வி பதில்

புது மானிட்டர் வாங்கி எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்ததிலிருந்து ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. சவுண்ட் கார்டு போய்விட்டது, புதிதாக வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கிவிடலாமா?
– வாசகர், கும்பகோணம்

வாங்காதீர்கள். எச்டிஎம்ஐ கேபிள் படத்தோடு ஒலியையும் கொண்டுபோகும். அதை மாட்டியதும் விண்டோஸ், மானிட்டரையே ஸ்பீக்கராக எடுத்துக்கொண்டிருக்கும். திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி, பட்டியலில் மானிட்டர் பெயருக்குப் பதிலாக 'ஸ்பீக்கர்ஸ் – ரியல்டெக்' (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சவுண்ட் சிப்பின் பெயர்) என்பதைத் தேர்ந்தெடுங்கள். முக்கால்வாசி அதோடு சரியாகிவிடும்.

பட்டியலில் ரியல்டெக்கே இல்லையென்றால், கன்ட்ரோல் பேனலில் 'சவுண்ட்' பகுதியைத் திறந்து, காலி இடத்தில் வலது சொடுக்கு செய்து, 'ஷோ டிசேபிள்டு டிவைசஸ்' என்பதை டிக் செய்யுங்கள். மங்கலாகத் தெரியும் கருவியை எனேபிள் செய்து, 'செட் டிஃபால்ட்' கொடுங்கள்.

அதே பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பச்சைக் கோடு இருக்கிறது. ஒரு பாட்டை ஓடவிட்டு அதைப் பாருங்கள். ரியல்டெக் பக்கத்துக் கோடு ஏறி இறங்குகிறது, ஆனாலும் சத்தம் இல்லை என்றால் விண்டோஸ் தன் வேலையைச் செய்துவிட்டது. கோளாறு ஜாக், வயர், ஸ்பீக்கர் இவற்றில்தான். ஸ்பீக்கர் பின்னைக் கழற்றி மொபைலில் செருகிப் பாருங்கள். அங்கே பாடினால் ஸ்பீக்கரும் வயரும் நலம். பிறகு கம்ப்யூட்டரின் பின்பக்கம் பச்சை ஜாக்கில்தான் செருகியிருக்கிறீர்களா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ரோஸ் ஜாக் மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே எடுக்க. கோடு அசையவே இல்லையென்றால் மட்டும் டிரைவரையும் (சவுண்ட் சிப்பை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) செட்டிங்கையும் சந்தேகியுங்கள்.

ஸ்பீக்கரில் எப்போதும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். கோடையில் அதிகம், மழைக்காலத்தில் குறைகிறது. கேபினெட்டைத் தொட்டால் இலேசாகச் சுருக்கென்கிறது. ஸ்பீக்கரை மாற்றியும் பயனில்லை.
– வாசகி, மன்னார்குடி

சுருக்கென்கிறது என்று எழுதினீர்களே, விடை அதில் இருக்கிறது. உங்கள் வீட்டு எர்த் சரியில்லை. இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கம்ப்யூட்டருக்குள் கரன்ட்டைப் பிரித்துத் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் மின்சார இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் உண்டு. ஒன்று பேஸிலிருந்தும் இன்னொன்று நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டுக்குப் போகும். எர்த் நன்றாக இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குள் இறங்கிவிடும். இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி, அதாவது 115 வோல்ட் அளவுக்குக் கேபினெட்டில் நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு போகிறது. அதுவே ஆடியோ வயர் வழியாக ஸ்பீக்கருக்குள் நுழைந்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சலாகக் கேட்கிறது.

கோடையில் ஏன் கூடுகிறது? நம் பக்கம் களிமண் பூமி. வழக்கப்படி ஜனவரி 28-ல் மேட்டூர் அடைத்து ஜூன் 12-ல் திறக்கும்வரை வாய்க்காலில் தண்ணீர் இல்லை. வயல் பாளம் பாளமாக வெடிக்கிறது. எர்த் குழியும் அதே மண்தானே! காய்ந்த மண் மின்சாரத்தை இழுத்துக்கொள்ளாது. குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி மறுநாள் கேட்டுப் பாருங்கள். இரைச்சல் தணிந்தால் காரணம் உறுதி. பிறகு எலக்ட்ரீஷியனை அழைத்து, குழாயோடு எர்த் கம்பி சேரும் கிளாம்ப் துருவேறியிருக்கிறதா என்று பார்த்து மாற்றி, கரியும் உப்பும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பிளக் பாயின்ட்டின் மூன்றாவது ஓட்டைவரை எர்த் வருகிறதா என்பதையும் அவரே சோதிக்கட்டும். பல வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்குள் அந்த வயரை இணைக்காமலே விட்டிருப்பார்கள்.

மூன்றாவது பின்னை உடைத்துவிட்டால் இரைச்சல் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உயிருக்கு ஆபத்து.

எர்த் சரியான பிறகும் இரைச்சல் மிச்சமிருந்தால், ஸ்பீக்கர் ஓடும்போதே கம்ப்யூட்டர் பக்கப் பின்னை உருவிக் கையில் படாமல் தொங்கவிடுங்கள். அப்போதும் இரைந்தால் ஸ்பீக்கருக்குள்ளேயே ஃபில்டர் கெபாசிட்டர் உப்பியிருக்கும். நின்றுவிட்டால், அதே ஆம்ப்ளிஃபயரில் கேபிள் டிவி பெட்டியும் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். டிவி கேபிளைக் கழற்றியதும் அடங்கினால் அது கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு கருவிகளின் எர்த் வழிகள் சேர்ந்து வளையமாகிவிட்டன. ஆடியோ வயரின் நடுவில் மாட்டும் 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' போதும். கரன்ட் போன நேரத்தில் மட்டும் இரைந்தால் இன்வெர்ட்டர், கரன்ட்டைச் சீரான அலையாக இல்லாமல் சதுரமாக வெட்டித் தரும் ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கும்.

மகள் ஜூமில் வீணை கற்கிறாள். தம்புராவும் வீணையின் நீளமான கார்வையும் அந்தப் பக்கம் விட்டு விட்டுக் கேட்கிறதாம். நல்ல சவுண்ட் கார்டு போட்டால் சரியாகுமா?
– வாசகர், திருவையாறு

கார்டு மேல் குற்றமில்லை. மாறாமல் தொடர்ந்து ஒலிக்கும் எதையும் மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து ஜூம் அழித்துவிடுகிறது. தம்புராவின் சுருதி அதற்குச் சத்தம்தான்! செட்டிங்ஸில் ஆடியோ பகுதிக்குப் போய் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' தேர்ந்தெடுங்கள். வகுப்பு தொடங்கியதும் திரையின் மேலே அதே பெயரில் வரும் பொத்தானையும் ஆன் செய்ய வேண்டும். பலர் விடுவது இதைத்தான். கூடவே 'எக்கோ கேன்சலேஷனை' நிறுத்தினால் நாதம் இன்னும் முழுமையாகப் போகும், ஆனால் அப்போது ஹெட்ஃபோன் கட்டாயம்.

மைக் ஒலியைக் கூட்டிக்கொடுக்கும் 'மைக் பூஸ்ட்' 30 டெசிபலில் இருந்தால் மீட்டும் ஒவ்வொரு தடவையும் ஒலி கிழியும். 10-க்கு இறக்கி, மைக்கை வீணைக்கு அருகே நகர்த்துங்கள். 'சவுண்ட்' பெட்டியின் 'கம்யூனிகேஷன்ஸ்' பக்கத்தில் 'டூ நத்திங்' வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வகுப்பு நடக்கும்போது கம்ப்யூட்டரில் ஓடும் சுருதிப்பெட்டியை விண்டோஸ் 80 சதவீதம் அமுக்கிவிடும்.

முன்பக்க ஹெட்ஃபோன் ஜாக்கில் ஒரு காது மட்டும் கேட்கிறது. பின்னைத் திருகினால் இரண்டும் வருகிறது. பின்பக்கம் நன்றாக இருக்கிறது.
– வாசகர், நாகப்பட்டினம்

கடற்காற்றின் உப்பும் ஈரமும் ஜாக்கின் உள்தகட்டில் படலம் கட்டியிருக்கும். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கை எடுத்துவிட்டு, ஹெட்ஃபோன் பின்னில் 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலை இலேசாகத் தடவிப் பத்துத் தடவை செருகி எடுங்கள். கால் மணி நேரம் காயட்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசி ஒட்டிக்கொள்ளும்.

முன்ஜாக் அடியோடு ஊமையானால், மதர்போர்டில் 'எஃப்-ஆடியோ' முனையில் வயர் கழன்றிருக்கலாம். பக்கத்திலேயே யுஎஸ்பி முனையும் அதேபோல 9 பின்னோடு இருக்கும். ஆடியோவில் 8-ஆவது பின் இருக்காது, யுஎஸ்பியில் 9-ஆவது இருக்காது. பொருந்தாவிட்டால் அழுத்தாதீர்கள்.

இடி விழுந்த இரவுக்குப் பிறகு டிவைஸ் மேனேஜரில் சவுண்டே காணோம். மற்றதெல்லாம் ஓடுகிறது.
– வாசகர், பாபநாசம்

பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானை 15 விநாடி அழுத்திப் பிடித்து, மறுபடி போட்டுப் பாருங்கள். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை செட்டிங்) 'எச்டி ஆடியோ கன்ட்ரோலர்' எனேபிள் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். மஞ்சள் முக்கோணத்தோடாவது தெரிந்தால் டிரைவர் கோளாறாக இருக்கலாம்: அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தால், விண்டோஸ் தன்னிடம் உள்ள பொது டிரைவரைப் போட்டுக்கொள்ளும். பெயரே வரவில்லையென்றால் போர்டில் உள்ள சவுண்ட் சிப் மின்னலில் போயிருக்கும். அதற்காகப் போர்டை மாற்ற வேண்டியதில்லை. சில நூறு ரூபாய் யுஎஸ்பி சவுண்ட் கார்டு போதும். பழைய பிசிஐ கார்டு வீட்டில் இருந்தாலும் புது போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் அது உட்காராது.