இன்ஜினைப் பிரிக்கும் முன் எந்தச் சிலிண்டர் என்று கேளுங்கள்

கேள்வி: மதுரையில் பழைய பைக் விற்கும் ஒரு கடையில் 650 சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டி வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. இன்ஜினுக்கு மூன்று மாதம் பொறுப்பு என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தார்கள். இப்போது மெதுவாகப் போனால் இன்ஜின் விட்டுவிட்டு ஓடி மிஸ்ஸிங் அடிக்கிறது. சைலன்சரில் ஒரு பக்கம் வெடிச் சத்தமும் வருகிறது. இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். சத்தத்தைக் கேட்டதுமே, "ஒரு சிலிண்டர் போயிருச்சு, இன்ஜினை இறக்கணும், நாற்பதாயிரம் ஆகும், பாதி அட்வான்ஸ் குடுங்க" என்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: கொடுக்காதீர்கள். இன்ஜினைப் பிரிக்கவும் யாரையும் விடாதீர்கள். உங்கள் கையில் எழுத்தில் ஒரு பொறுப்பு இருக்கிறது, அதில் இன்னும் ஒரு மாதம் பாக்கி இருக்கிறது. வெளியாள் இன்ஜினைப் பிரித்துவிட்டால் விற்ற கடை, "நீங்க வெளியில பிரிச்சுட்டீங்க, இனிமே எங்களுக்குச் சம்பந்தமில்ல" என்று சொல்லிவிடும். குறை வாங்கும்போதே இருந்ததா, பிரித்த இடத்தில் வந்ததா என்பதை அப்புறம் எவராலும் காட்ட முடியாது.

இன்றைக்கே கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வண்டி எண், வாங்கிய தேதி, இப்போது ஓடியிருக்கும் கிலோமீட்டர், மிஸ்ஸிங் எப்போது வருகிறது என்ற விவரம், இவை போதும். வாட்ஸ்அப்பில் வீடியோவோடு அனுப்புங்கள், அதே கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். விற்பதற்கு முன் அவர்கள் அனுப்பிய படம், ஆடியோ, "இன்ஜின் சூப்பர் கண்டிஷன்" என்ற மெசேஜ் எதையும் அழித்துவிடாதீர்கள்.

இனி வண்டிக்கு வருவோம். ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பது வேறு, அது கெட்டுப்போய்விட்டது என்பது வேறு. சிலிண்டரில் வெடிப்பு நடக்க மூன்று வேண்டும்: பிளக்கில் தீப்பொறி, சரியான அளவில் பெட்ரோலும் காற்றும், அந்தக் கலவையை இறுக்கும் போதுமான அழுத்தம், அதாவது கம்ப்ரஷன். மூன்றும் சரியான நேரத்தில் சேர வேண்டும். முதல் இரண்டில் குறை என்றால் இன்ஜினைப் பிரிக்கும் பேச்சே எழாது. மூன்றாவதில் குறை என்றாலும் வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் டேப்பெட் அட்ஜஸ்ட்மென்டிலேயே சரியாகிப்போவது உண்டு. சத்தத்தை மட்டும் கேட்டு இந்த மூன்றில் எது என்று முடிவுகட்ட முடியாது. அதனால் நாற்பதாயிரம் கேட்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு: எந்தச் சிலிண்டர்? எப்படித் தெரிந்தது?

முதல் கேள்விக்குப் பதிலை நீங்களே வீட்டு வாசலில் கண்டுபிடிக்கலாம். இரவெல்லாம் நின்று நன்றாகக் குளிர்ந்த வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள். இன்ஜின் ஹெட்டிலிருந்து புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் இரண்டு பெண்ட் பைப்பிலும், ஹெட்டுக்குப் பக்கத்தில், சில சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். வேலை செய்யும் பக்கத்தில் தண்ணீர் சுருங்கி ஆவியாகும். வேலை செய்யாத பக்கத்தில் வழிந்து ஓடும். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சூடானால் அந்த நேரத்தில் மிஸ்ஸிங் இல்லை என்று அர்த்தம். ஓட்டி, மிஸ்ஸிங் வரும் நிலையில் மறுபடி பார்க்க வேண்டும்.

ஓடும் இன்ஜினில் பிளக் கேப்பை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது பல பட்டறைகளில் இன்னும் நடக்கிறது. அதற்குச் சம்மதிக்காதீர்கள். ஆயிரக்கணக்கான வோல்ட் போக வழியில்லாமல் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலையும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இசியுவையும் தாக்கும், பிடுங்குபவருக்கும் ஷாக் அடிக்கும். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் எரிந்து, அதில் உள்ள, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். நீங்கள் கேட்கும் வெடிச் சத்தமும் அந்த எரியாத பெட்ரோல்தான். ஆகவே மிஸ்ஸிங்கோடு தேவகோட்டைக்கும் திருப்பத்தூருக்கும் போய் வந்துகொண்டிருக்காதீர்கள்.

எந்தப் பக்கம் என்று தெரிந்ததும், இரண்டு சிலிண்டர் வண்டிக்கு இருக்கும் பெரிய வசதியைப் பயன்படுத்த வேண்டும். சரியாக ஓடும் ஒரு சிலிண்டர் பக்கத்திலேயே இருக்கிறது. இடது பிளக்கை வலதிலும் வலது பிளக்கை இடதிலும் மாற்றிப் போடச் சொல்லுங்கள். மிஸ்ஸிங் பக்கம் மாறினால் குற்றம் பிளக்கில். மாறவில்லையென்றால் அடுத்து பிளக் கேப், அதன்பின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் இருந்தால் காயில். ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டுமே மாற்ற வேண்டும். மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு "சரியாயிருச்சு" என்றால் எது கெட்டிருந்தது என்று தெரியாது, மூன்றுக்கும் நீங்கள் காசு கொடுப்பீர்கள்.

கழற்றிய பிளக்கை உங்கள் கையில் வாங்கிப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. நம்ம ஊர்ச் செம்மண் தூசிக்கு ஃபில்டர் சீக்கிரமே அடைக்கும், கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வெள்ளை வெளேரென்று இருந்தால் காற்று அதிகம்: இன்டேக் ரப்பரில் விரிசல், அல்லது இன்ஜெக்டரில் அடைப்பு. பெட்ரோலில் நனைந்திருந்தால் தீப்பொறி வரவில்லை. பிசுபிசுப்பான எண்ணெய் இருந்தால்தான், எண்ணெய் சிலிண்டருக்குள் வராமல் தடுக்கும் பிஸ்டன் ரிங், வால்வு சீல் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் அதே சிலிண்டரிலேயே குறை நின்றால் டேப்பெட் இடைவெளியை அளந்து, கம்ப்ரஷன் கேஜ் வைக்கச் சொல்லுங்கள். அந்த இடைவெளி இறுகிப்போயிருந்தால் சூடானதும் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். கேஜ் வைக்கும்போது இன்ஜின் சூடாக, ஆக்ஸிலேட்டர் முழுதாகத் திருகிய நிலையில் இருக்க வேண்டும். சில இன்ஜின்களில் எளிதாக ஸ்டார்ட் ஆவதற்காக வால்வைச் சற்றுத் திறந்து வைக்கும் அமைப்பு உண்டு, அவற்றில் ரீடிங் குறைவாகத்தான் காட்டும். அதனால் இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் போனால் சந்தேகம் நியாயமானது. குறைந்த பக்கத்தில் பிளக் துளை வழியாக ஒரு சிறு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால், ரீடிங் ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்), ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். இந்த எண்கள் எழுதிய தாள் ஒன்று, சோதித்த பட்டறையின் முத்திரையோடு, உங்களிடம் இருக்க வேண்டும். அந்தத் தாளோடு விற்ற கடைக்குப் போங்கள். அவர்கள் ஆள் எதிரிலேயே இன்ஜின் பிரிக்கப்படட்டும்.

கடை மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கியது மதுரையில் என்பதால் மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. 2020 ஜூலை 20 முதல் நடப்பில் இருக்கும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். உங்களுக்கு அது சிவகங்கை. செட்டிநாட்டு ஊர்களில் கோனாப்பட்டு, ராயவரம் பக்கத்து வாசகர்களுக்குப் புதுக்கோட்டை. பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. இது கடையில் வாங்கியவர்களுக்கு. தெரிந்தவரிடம், அவர் சொந்தமாக ஓட்டிய வண்டியை வாங்கியிருந்தால் இந்தச் சட்டம் துணைக்கு வராது.

கேள்வி: நாங்கள் சென்னையில் இருக்கிறோம். ஊரில் வீடு பூட்டித்தான் கிடக்கும், 150 சிசி கார்பரேட்டர் வண்டி ஒன்று முகப்பில் நிற்கும். படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்து எடுத்தால் மிஸ்ஸிங், ஐடிலிங் நிற்காது. ஒவ்வொரு தடவையும் மெக்கானிக் புது பிளக் போடுகிறார். இரண்டு நாள் ஓடும், மறுபடி அதே கதை. பிளக் தரமில்லையா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: பிளக்கைக் குறை சொல்ல முடியாதம்மா. மாதக்கணக்கில் நின்ற பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும், கார்பரேட்டரில் மிஞ்சியது பசைபோல் படிந்து, ஐடிலிங்குக்குப் பெட்ரோல் போகும் சிறு துளையான ஸ்லோ ஜெட்டை அடைக்கும். ஸ்லோ ஜெட் அடைத்த வண்டி ஐடிலிங்கில் நிற்காது. அது நிற்க வேண்டுமென்று சோக்கை இழுத்துவிட்டு ஓட்டுவோம். சோக்கில் ஓடினால் பிளக் கரி பிடிக்கும். உங்கள் இரண்டு நாள் கணக்கு அங்கேதான் இருக்கிறது. இன்று பம்பில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டி நின்ற டேங்கின் அடியில் தண்ணீர் தனியாகத் தங்கியிருக்கவும் வாய்ப்புண்டு.

அடுத்த முறை பிளக்குக்குப் பதிலாக மூன்று வேலை சொல்லுங்கள்: டேங்கைக் காலி செய்து புதுப் பெட்ரோல், கார்பரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளைச் சுத்தம் செய்வது, எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று சீட்டைத் தூக்கிப் பார்ப்பது. பூட்டிய வீட்டில் கடைசியாகச் சொன்னதை யாரும் பார்ப்பதில்லை. ஊருக்குத் திரும்பும் முன் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, வண்டி தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள், கார்பரேட்டர் காலியாகிவிடும். பேட்டரியில் மைனஸ் வயரைக் கழற்றிவிடுங்கள். டேங்கை நிறைத்து வைத்தால் துரு பிடிக்காது என்று சிலர் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனாலும் பர்மாத் தேக்குக் கதவும் தூணும் உள்ள வீட்டின் முகப்பில், ஆளில்லாத நேரத்தில், நிறை டேங்க் பெட்ரோல் நிற்பது எனக்குச் சம்மதமில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்பவரோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ, லைசென்ஸ் உள்ளவர், வாரம் ஒருமுறை பள்ளத்தூர் வரை ஓட்டிவிட்டு வந்தால் இந்தத் தொந்தரவில் பெரும்பகுதி இருக்காது. இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மழையில் மட்டும் என் பைக் மிஸ்ஸிங் அடிக்கிறது. தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான சிடிஐ மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
– வாசகர், புதுவயல்

பதில்: மழையில் மட்டும் என்றால் முதலில் பார்க்க வேண்டியது பிளக் கேப்பும் ஒயரும். ரப்பரில் மயிர் அளவு விரிசல் போதும், ஈரம் பட்டதும் தீப்பொறி வெளியே கசியும். இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு ஒயர் மீது லேசாகத் தண்ணீர் தெளித்தால், கசியும் இடத்தில் நீலமாகப் பொறி தெரியும். தள்ளி நின்று பாருங்கள், தொடாதீர்கள். சில வண்டிகளில் பிளக் ஒரு குழிக்குள் இருக்கும். அந்தக் குழியிலிருந்து தண்ணீர் வடிய ஒரு சிறு துளை உண்டு, அதில் மண் அடைத்தாலும் இதே குறைதான். சிடிஐ இதற்கெல்லாம் பிறகு.

கேள்வி: காயில், பிளக் மாற்றியதாகச் சொல்லி 3,800 ரூபாய் வாங்கினார்கள். பில் கேட்டால், "ஜிஎஸ்டி சேர்த்தா உங்களுக்குத்தான் கூட ஆகும்" என்கிறார்கள். பழைய பொருளையும் தரவில்லை. மிஸ்ஸிங்கும் போகவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், தேவகோட்டை

பதில்: பில் தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடவடிக்கை. பழுது பார்ப்பது ஒரு சேவை, அதில் குறை இருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான். ஜிபேயில் கட்டியிருந்தால் அந்தப் பதிவே நீங்கள் பணம் கொடுத்ததற்குச் சாட்சி. ரொக்கமாகக் கொடுத்திருந்தால், "காயில், பிளக் மாற்றியதற்கு 3,800 கொடுத்தேன், மிஸ்ஸிங் அப்படியே இருக்கிறது, பில்லும் பழைய பொருளும் தாருங்கள்" என்று இப்போதே கடைக்காரருக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள். "நாளைக்கு வாங்க சார்" என்று பதில் வந்தாலே வேலை நடந்ததற்கு அது ஆதாரம்.

போடப்பட்ட பிளக்கைக் கழற்றச் சொல்லி, அதன் மேல் உள்ள எண்ணை நீங்களே வண்டிப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். வேறு கம்பெனி பிளக் என்றால் இணை எண்ணை அந்தக் கம்பெனி அட்டவணையில்தான் பார்க்க வேண்டும். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் சூட்டை வேகமாக வெளியேற்றும் குளிர் பிளக், பாஷில் எண் கூடினால் சூட்டைத் தக்கவைக்கும் சூடு பிளக். "எல்லாம் ஒண்ணுதான்" என்று போட்ட பிளக்காலேயே புது மிஸ்ஸிங் வரும்.

இனி எந்தப் பட்டறையில் வண்டி விட்டாலும், விடும்போதே, வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் இரண்டு வரி எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்: "500 ரூபாய்க்கு மேல் எந்தப் பொருள் மாற்றினாலும் போனில் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். கழற்றிய பொருளைத் திருப்பித் தர வேண்டும்." ஜாப் கார்டு இல்லாத சின்னப் பட்டறை என்றால் அதையே அவர் நம்பருக்கு மெசேஜாக அனுப்பிவிட்டுச் சாவியைக் கொடுங்கள். நல்ல மெக்கானிக் யாரும் இதற்குக் கோபப்படுவதில்லை.