ஈரக் காட்டுக்கு எந்தக் கூடாரம்?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உலு லங்காட் வழியாகக் குனோங் நுவாங் ஏறி, பாச்சாட் முகாமில் ஓர் இரவு தங்குவேன். என் கூடாரம் 2.3 கிலோ, முதுகு தாங்கவில்லை. அடுத்த ஆண்டு குனோங் தஹான் போகத் திட்டம். 550 கிராம் டைனீமா கூடாரம் வாங்கலாமா? அத்தனை மெல்லிய துணி நம் காட்டில் தாங்குமா? கையில் 1,200 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. அவசியமென்றால் இன்னும் சேர்ப்பேன்.

பதில்: சேர்க்க வேண்டாம். இந்தத் தொகைக்குள் ஒரு கிலோ அளவில் நல்ல கூடாரம் கிடைக்கும்.

துணி கிழிந்துவிடுமோ என்று அஞ்சுகிறீர்கள். நான் பார்த்தவரை, நம் நாட்டில் கூடாரங்கள் பெரும்பாலும் கிழிந்து போவதில்லை. நீர் புகாமல் தடுக்கும் பூச்சு கெட்டுத்தான் போகின்றன. என் முதல் கூடாரம் தடித்த துணி, நல்ல கனம். அந்தக் கனத்தையே உறுதி என்று நம்பி வாங்கினேன். ஒரு மழைப் பயணம் முடிந்து அரைகுறையாகக் காய்ந்ததை அப்படியே உறையில் திணித்து அலமாரியில் வைத்தேன். சில மாதம் கழித்து எடுத்தால் உள்பக்கம் பசைபோல் ஒட்டியது, வாந்தி நாற்றம் அடித்தது, பூச்சு செதில் செதிலாக உதிர்ந்தது. துணியில் ஒரு கீறல்கூட இல்லை.

காரணம் பாலியூரிதேன் பூச்சு. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபடும். வேதியியலில் இதை நீராற்பகுப்பு என்பார்கள். குளிர்நாடுகளில் பல ஆண்டுகள் உழைக்கும் கூடாரம் இங்கே சீக்கிரமே பிசுபிசுப்பதற்கு இதுதான் காரணம். சிலிகான் பூச்சுக்கு இந்த நோய் வராது. ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது எடையை அல்ல, உள்பக்கப் பூச்சு என்ன என்பதை. இருபுறமும் சிலிகான் என்றால் மிக நல்லது. ஆனால் சிலிகான்மேல் தையல் துளைகளை மூடும் நாடா ஒட்டாது என்பதால், தையல் கோடுகளில் சிலிகான் பசையை நீங்களே ஒருமுறை தடவ வேண்டியிருக்கும். ஒரு மாலை நேரத்து வேலைதான். வெளியே சிலிகான், உள்ளே பாலியூரிதேன் என்று இருந்தால், அது ஈரத்தைக் கூடுதலாகத் தாங்கும் பாலிஈதர் வகையா என்று விசாரியுங்கள்.

துணியின் பருமனை டெனியரில் சொல்வார்கள். 9,000 மீட்டர் நூல் 20 கிராம் எடையிருந்தால் அது 20 டெனியர். 15 முதல் 20 வரை நம் காட்டுக்குப் போதும். 7, 10 டெனியர் துணிகளுக்கு மிகவும் நிதானமான கை வேண்டும். பிரம்பு முள் சிதறிக் கிடக்கும் தரையில் நான் அவற்றை விரிக்க மாட்டேன்.

அடுத்தது நைலானா பாலியஸ்டரா என்பது. ஒரே பருமனில் நைலான்தான் கிழிசலை அதிகம் தாங்கும். ஆனால் அது நீரை உறிஞ்சி நீளும். மாலையில் முறுக்கிக் கட்டிய கூரை நள்ளிரவில் தொய்ந்து முகத்துக்கருகே தொங்கும். காலையில் சுமையும் கூடியிருக்கும். பாலியஸ்டர் அவ்வளவாகத் தொய்யாது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். இங்கே நான் பாலியஸ்டர் பக்கம்.

டைனீமாவை நான் குறை சொல்லவில்லை. மிக வலுவான இழைகளை இரண்டு மெல்லிய படலங்களுக்கிடையே வைத்து ஒட்டிய பொருள் அது. நனையாது, தொய்யாது. ஓட்டை விழுந்தால் அதற்குரிய நாடாவை ஒட்டிவிட்டு அன்றே பயன்படுத்தலாம். ஆனால் முள் குத்தலுக்கும் உராய்வுக்கும் எளிதில் இடம் கொடுக்கும். விலை 600 அமெரிக்க டாலரை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். இந்தக் கூடாரங்களில் பலவும் தனி உள்ளறை இல்லாமல் ஒற்றைச் சுவர் கொண்டவை. நம் இரவுகளின் ஈரப்பதத்தில் உள்சுவரில் நீர் முத்துமுத்தாகக் கோத்து உறங்குபைமேல் சொட்டும்.

எடைக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 2.3 கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்கு இறங்கினால் 1.3 கிலோ மிச்சம். அங்கிருந்து 550 கிராமுக்கு இறங்கினால் மேலும் 450 கிராம்தான். அரை லிட்டர் தண்ணீர்கூட இல்லை. அதற்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் முதுகுப்பையையே மாற்றலாம்.

நான் வாங்கச் சொல்வது இது: மலையேற்ற ஊன்றுகோல்களால் நிறுத்தும் 15 முதல் 20 டெனியர் பாலியஸ்டர் வெளிக்கூரை, தனியாக வலைத்துணி உள்ளறை, 800 கிராம் முதல் 1.1 கிலோ. டர்ஸ்டன் எக்ஸ்-மிட் இந்த வகை. ஊன்றுகோல் இல்லாமல் ஏறுபவர் என்றால் கோல்களின் விலையையும் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வலை உள்ளறையை எடைக்காக விட்டுவிட எண்ணாதீர்கள். பாச்சாட் என்றாலே மலாயில் அட்டை. அந்த முகாமில் திறந்த கூரைக்குக் கீழ் படுப்பது எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

வெளிக்கூரையை முதலில் நிறுத்தி, பிறகு உள்ளறையை மாட்ட முடிய வேண்டும். இதை நான் மிகவும் வலியுறுத்துகிறேன். நம் மலைகளில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும், நாம் முகாமை எட்டுவதும் அதே நேரம். உள்ளறையை முதலில் விரிக்க வேண்டிய கூடாரத்தில், கூரை ஏறுவதற்குள் தரை குளமாகிவிடும். நேச்சர்ஹைக் கிளவுட் அப் மலிவு, பரவலாகக் கிடைக்கிறது. ஆனால் அதன் வரிசை இப்படித்தான்.

விளம்பரத்தில் உள்ள எடையில் முளைகளும் உறையும் சேராமல் இருக்கலாம். கடையில் எல்லாவற்றையும் தராசில் வைத்துப் பாருங்கள். தஹான் 2,187 மீட்டர். உச்சியை நெருங்கும்போது மரங்கள் குட்டையாகிக் காற்று நேராக அடிக்கும். எடை குறைக்கிறேன் என்று இழுகயிறுகளை வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். கூடாரத்துக்கு அடியில் போடும் தரைவிரிப்பை அதன் அடித்தளத்தைவிட ஓர் அங்குலம் உள்ளடங்க வெட்டுங்கள். வெளியே நீண்டால் மழைநீரை அதுவே உங்களுக்கு அடியில் கொண்டுவரும். கூடாரம் போடுமுன் தலைக்குமேல் காய்ந்த கிளை இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பதை ஒருநாளும் மறக்க வேண்டாம்.

வீடு திரும்பிய அன்றே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், கூடாரத்தை நிழலில் விரித்துத் தையல் மடிப்புவரை காயவிடுங்கள். பிறகு அதன் இறுக்கமான உறையில் போடாமல், பழைய பருத்தித் தலையணை உறையில் தளர்வாக வையுங்கள்.