நல்ல மரத்துக் கன்றுதான், குலை ஏன் அழுகுகிறது?

கேள்வி: ஐயா, பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் நிலம். பக்கத்துத் தோட்டத்தில் நன்றாகக் காய்க்கும் செம்பனை மரங்களின் அடியில் முளைத்த கன்றுகளை எடுத்து, பையில் வளர்த்து நட்டேன். ஐந்து வருஷம் ஆகிறது. மொத்தம் 170 மரம். அதில் 40 மரம் கொழுகொழுவென்று நிற்கிறது, பெண் பூவும் நிறைய வருகிறது, ஆனால் குலை பழுக்கும் முன்பே அழுகிவிடுகிறது. மீதியிலும் பல குலைகளுக்குக் கெட்டி ஓடு என்று ஆலையில் விலையைக் குறைக்கிறார்கள். உரக்கடையில் பொராக்ஸும் ஒரு பூ டானிக்கும் எழுதித் தந்திருக்கிறார்கள், 800 வெள்ளி ஆகும். போடலாமா? என் மச்சான் வேறு இரண்டு ஏக்கருக்கு என் மரத்துக் கன்று கேட்கிறார்.

பதில்: போடாதீர்கள் தம்பி. அந்த 800 வெள்ளி உங்கள் கையிலேயே இருக்கட்டும். உரக் குறை என்றாலும் மகரந்தக் குறை என்றாலும் இப்படி மரத்துக்கு மரம் பிரியாது. 1981-இல் காமரூனிலிருந்து கொண்டுவந்து விட்ட வண்டுதான் இங்கே மலேசியாவில் செம்பனைக்கு மகரந்தம் சேர்க்கிறது. ஒரு மரத்தை விட்டுவிட்டு அடுத்த மரத்துக்கு மட்டும் அது போகாது. நீங்கள் எண்ணி எழுதிய கணக்கிலேயே பதில் இருக்கிறது. 170-இல் 40 என்றால் ஏறக்குறையக் கால் பங்கு.

பள்ளியில் மெண்டலின் பட்டாணியைப் படித்திருப்பீர்கள். நெட்டையும் குட்டையும் சேர்ந்தால் நெட்டை மட்டும் தெரியும். நெட்டை ஓங்கு பண்பு, உள்ளே ஒளிந்திருக்கும் குட்டை ஒடுங்கு பண்பு. செம்பனைப் பழத்துக்குள் பருப்பைச் சுற்றி இருக்கும் ஓடு எப்படி அமையும் என்பதையும் ஒரே மரபணுதான் தீர்மானிக்கிறது, ஆனால் இதில் எதுவும் முழுக்க மறைவதில்லை. இரண்டு பக்கமும் கெட்டி ஓடு வந்தால் டூரா. இரண்டு பக்கமும் ஓடில்லாதது வந்தால் பிசிஃபெரா, அதன் குலைதான் பெரும்பாலும் அழுகிப்போகும். ஒன்றுக்கு ஒன்று சேர்ந்தால் நடுவே ஒரு மெல்லிய ஓடு, அதுதான் டெனெரா. தோட்டம் முழுக்க நிற்பது இந்த டெனெரா.

நீங்கள் பார்த்த தாய் மரம் நல்ல மரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அது டெனெரா, அதற்கு மகரந்தம் கொடுத்த மரமும் டெனெரா. அதன் பிள்ளைகளில் கால் பங்கு டூரா, பாதி டெனெரா, கால் பங்கு பிசிஃபெரா. டெனெரா விதையிலிருந்து டெனெரா மட்டும் ஏன் வருவதில்லை என்பதை காங்கோவின் யாங்கம்பி ஆராய்ச்சி நிலையத்தில் பெய்ர்னார்ட், வாண்டர்வையன் இருவரும் 1941-இலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? அழுகும் மரங்களுக்குச் சிவப்புப் பெயிண்டில் குறி போடுங்கள். ஆறு மாதம் பாருங்கள், ஏனென்றால் டெனெராவும் சில காலம் ஆண் பூவாகவே தள்ளி உங்களை ஏமாற்றும். அதன் பிறகும் ஒரு நல்ல குலைகூட வராத மரத்தை வெட்டுங்கள். அந்த இடத்தில் கன்று நடாதீர்கள், ஐந்து வயது மரங்களின் நிழலில் அது தேறாது. வெளிச்சமும் உரமும் சுற்றி நிற்கும் மரங்களுக்குப் போகட்டும். டூராவை வெட்ட வேண்டாம். எண்ணெய் குறைந்தாலும் குலை எடை கிடைக்கிறது. எது டூரா என்று தெரிய ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஓட்டைச் சுற்றிக் கறுப்பு நார்ப் புள்ளிகள் வளையமாகத் தெரிந்தால் டெனெரா, இல்லையென்றால் டூரா.

மச்சான் விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. நீங்கள் அதைக் கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள், முதல் வரியில் கேட்டிருக்க வேண்டும். மரத்தடிக் கன்று சும்மா கிடைக்கிறது என்று நினைக்கிறோம். கெட்ட கன்றுக்கும் நல்ல கன்றுக்கும் ஒரே உரம், ஒரே கூலி, ஒரே இடம், அதுவும் 25 வருஷத்துக்கு. லாரியில் ஏற்றி வந்து சாலையோரம் கன்று விற்பவர்களை நான் மன்னிக்கவே மாட்டேன். நாலு ஏக்கர் வைத்திருப்பவனின் கால் பங்கு நிலத்தை அவர்கள் திருடுகிறார்கள், அது தெரியவே அவனுக்கு மூன்று வருஷம் ஆகிறது. பிறப்பிலேயே ஓடில்லாத மரத்துக்கு டானிக் எழுதித் தருகிறவர்களும் அதே வகைதான். மரபணுவை மாற்றும் பாட்டில் எந்தக் கடையிலும் இல்லை.

முறையான விதைக்கு டூராவின் பெண் பூவைப் பை கட்டிக் காத்து, பிசிஃபெரா மகரந்தத்தைக் கையால் தூவுகிறார்கள். இங்கே பெரும்பாலும் தாயாக இருக்கும் டெலி டூரா, 1848-இல் இந்தோனேசியாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நட்ட நாலே மரங்களின் வம்சம். கெட்டியும் ஓடில்லாததும் சேர்ந்தால் பிள்ளைகள் அத்தனையும் டெனெரா. மகரந்தம் கலந்துவிடாமல் காப்பதற்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

அதனால் மச்சானை மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் உள்ள நாற்றுப் பண்ணைக்கு அனுப்புங்கள். உரிமத்தைக் கண்ணால் பார்க்கட்டும், விதை எங்கிருந்து வந்தது என்ற தாளையும் கேட்டு வாங்கட்டும். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடட்டும். இரண்டு ஏக்கருக்கு 116 கன்று போதும். குட்டையும் சுருண்டதும் கழிக்க வேண்டி வரும், அதனால் 140 வாங்கச் சொல்லுங்கள்.