அலுவலக லேப்டாப் எந்த வைஃபையில் சேரலாம் என்பதை அட்மின் முடிவு செய்ய முடியுமா?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: கம்பெனி கொடுத்த விண்டோஸ் லேப்டாப். அலுவலகத்தில் ஒழுங்காக இணைகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் வீட்டு வைஃபையின் பெயரே பட்டியலில் வருவதில்லை, ஆனால் பக்கத்திலிருக்கும் போனில் வருகிறது. இது அட்மின் வேலையா, அப்படிச் செய்வது சரியா, நாளைக்குத் திறந்துவிட்டால் என் வீட்டுப் பாஸ்வேர்டை அவர் பார்க்க முடியுமா என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

கோவைப் பக்கம் சில நடுத்தர நிறுவனங்களுக்கு நெட்வொர்க் பராமரிப்பு பார்க்கிறேன். நானும் அந்த அட்மின் கூட்டத்தில் ஒருவன் என்பதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். சுருக்கமான பதில்: ஆமாம், அவர் வேலையாகத்தான் இருக்கும். பல இடங்களில் அது தேவையில்லாத பூட்டு. பாஸ்வேர்டை, மனசு வைத்தால் பார்க்க முடியும்.

எப்படிச் செய்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிடலாம். லேப்டாப் டொமைனில், அதாவது நிறுவனத்தின் கணினிகளை ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்கும் அமைப்பில் சேர்ந்திருந்தால், அங்கிருந்து எல்லாக் கணினிக்கும் விதிகளை அனுப்பும் குரூப் பாலிசி வழியாகச் செய்வார்கள். கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அதில் செக்யூரிட்டி செட்டிங்ஸ், அதற்குள் வயர்லெஸ் நெட்வொர்க் பாலிசி என்று ஒரு மூலை உண்டு. அங்கே ஒரு பக்கத்தில் அலுவலக வைஃபையின் விவரங்களை எழுதலாம். இன்னொரு பக்கத்தில் எந்தெந்தப் பெயருக்கு அனுமதி, எதற்குத் தடை என்று பட்டியல் போடலாம். ரவுட்டர் வழியாக வரும் எல்லா நெட்வொர்க்குக்கும் தடை என்ற கட்டத்தை டிக் செய்துவிட்டு, அனுமதிப் பட்டியலில் அலுவலகப் பெயரை மட்டும் வைத்தால் கதை முடிந்தது. தடுக்கப்பட்ட நெட்வொர்க்குகளைப் பயனர் பார்க்கலாமா என்பதற்கும் அங்கேயே தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெயர் கண்ணிலேயே படவில்லை என்றால், அந்தக் கட்டத்தில் டிக்கை எடுத்திருப்பார்கள்.

டொமைன் இல்லாத சின்ன அலுவலகத்திலும் இது சாத்தியம். விண்டோஸில் நெட்ஷெல் என்ற கட்டளைக் கருவி இருக்கிறது. அதில் வைஃபைக்கான பகுதியில் ஃபில்டர் போட்டால் இதே விளைவு கிடைக்கும். குரூப் பாலிசியே இல்லாத ஹோம் எடிஷனிலும் அது வேலை செய்யும். நம் ஊரில் விலையைப் பார்த்து ஹோம் எடிஷன் லேப்டாப் வாங்கிக் கொடுக்கும் முதலாளிகள் நிறையப் பேர் என்பதால் இதைச் சொல்கிறேன். அதே கருவியில் ஃபில்டர்களைக் காட்டச் சொன்னால் பாலிசி வழியாக வந்தவை தனியாகவும், கையால் போட்டவை தனியாகவும் வரும். உங்கள் லேப்டாப்பில் எது என்று அதிலேயே தெரிந்துவிடும். கையால் போட்டதை நிர்வாகி உரிமை உள்ள யாரும் ஒரே வரியில் நீக்கலாம். பாலிசி வழியாக வந்ததை அப்படி நீக்க முடியாது.

மேக், லினக்ஸ், மேகம் வழியாக நிர்வகிக்கும் கணினிகள் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வழி இருக்கிறது. அதற்குள் போகவில்லை.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. இந்தப் பெயர்ப் பட்டியல் பூட்டு எவ்வளவு பலமானது என்பதை 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நேரிலேயே பார்த்தேன். நான் பொறுப்பேற்பதற்கு முன்பே ஒரு நிறுவனத்தில் யாரோ இந்தப் பாலிசியைப் போட்டு வைத்திருந்தார்கள். எல்லோரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் காலை அக்கவுன்ட்ஸ் மேடம் போன் செய்கிறார்: “சார், எங்க வீட்டு வைஃபை பேரே வரமாட்டேங்குது. ஜிஎஸ்டி வேலை கிடக்கு.” அவருக்குப் பின்னால் வரிசையாக மற்றவர்கள்.

சிக்கல் என்னவென்றால், பாலிசியைச் சர்வரில் மாற்றுவது இரண்டு நிமிட வேலை. ஆனால் மாற்றிய பாலிசி லேப்டாப்புக்குப் போய்ச் சேர, அந்த லேப்டாப் சர்வரைத் தொட வேண்டும். தொடுவதற்கு இணையம் வேண்டும். இணையத்தைத்தான் பூட்டியிருக்கிறோம். மேடத்திடம், “போனை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைங்க, போன்ல யுஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க” என்றேன். வந்துவிட்டது இணையம். அப்படி வருவதை விண்டோஸ் வைஃபையாகப் பார்ப்பதில்லை, இன்னொரு நெட்வொர்க் கார்டு மாட்டியதாக எடுத்துக்கொள்ளும். வைஃபைத் தடை அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. அப்புறம் விபிஎன் (இணையம் வழியாக அலுவலக நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான பாதை) போட்டு, பாலிசியைப் புதுப்பிக்கும் கட்டளையை ஓட்டியதும் வீட்டு வைஃபை பட்டியலில் வந்தது.

எல்லோருக்கும் வேலை நடந்தது, சந்தோஷம். ஆனால் ஊழியர்கள் வெளி இணையத்தில் சேரக் கூடாது என்று போட்ட பூட்டை ஒரு சார்ஜர் கேபிள் திறந்துவிட்டது. இதை அட்மின்கள் யோசிக்க வேண்டும். யுஎஸ்பி சாதனங்களுக்கும் பாலிசி போட்டு அதையும் அடைக்கலாம். பிறகு லேன் கேபிளை அடைக்க வேண்டும். அப்படியே போனால் கடைசியில் லேப்டாப்பை மேசையோடு சங்கிலி போட்டுக் கட்டிவிடலாம், டெஸ்க்டாப் ஆகிவிடும்.

பெரும்பாலான அட்மின்களுக்கு உண்மையில் இருக்கும் கவலை வேறு. ஊழியர் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டே, லேன் கேபிளும் செருகியிருக்கும்போது, ஃபயர்வால் தடுக்கும் தளத்தைப் பார்க்கப் போனின் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்துகொள்கிறார். அப்போது ஒரே கணினியின் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. இது நியாயமான கவலைதான். ஆனால் இதற்கென்றே வேறு பாலிசி இருக்கிறது: டொமைன் நெட்வொர்க்கில் இருக்கும்போது டொமைன் அல்லாத நெட்வொர்க்கில் சேர விடாதே என்பது. விண்டோஸ் கனெக்‌ஷன் மேனேஜர் என்ற தலைப்பின் கீழ் வரும். அலுவலக லேன் கேபிள் செருகியிருக்கும்வரை ஹாட்ஸ்பாட் ஒட்டாது. வீட்டுக்குப் போனால் வீட்டு வைஃபை தாராளமாக ஒட்டும். பல அட்மின்களுக்கு இது இருப்பதே தெரியாமல், பெயர்ப் பட்டியலைப் போட்டு ஊழியர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறார்கள்.

பெயர்ப் பட்டியலில் இன்னொரு ஓட்டையும் உண்டு. வைஃபையின் பெயர் என்பது ரவுட்டர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. உங்கள் அலுவலகத்தின் பெயரை நான் என் ரவுட்டருக்கு வைத்தால் தடுப்பார் யாருமில்லை. அந்த ரவுட்டரை அலுவலகத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் வைத்தால், பெயரை மட்டும் பார்க்கும் பட்டியல் அதையும் அனுமதிக்கும். சிலர் பெயரை ஒளித்துவைத்தால் பாதுகாப்பு என்று நினைத்து ஒளிபரப்பை அணைத்துவிடுவார்கள். அது இன்னும் மோசம். ஒளிந்திருக்கும் நெட்வொர்க்கில் சேர வேண்டிய லேப்டாப், போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கும்.

ஆகவே அட்மின் பயனரின் கையிலிருந்து எதையாவது எடுத்தே ஆக வேண்டும் என்றால், நான் எடுப்பது ஒரே ஒரு பொத்தானை.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஓரளவு பெரிய அலுவலகங்களில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு இருக்காது. ஆளுக்கு ஆள் தனிப் பயனர் பெயரில் சேர்வார்கள். டபிள்யூபிஏ2 எண்டர்பிரைஸ் என்பார்கள், பின்னால் ரேடியஸ் சர்வர் ஒன்று உட்கார்ந்து சரிபார்க்கும். இதில் சர்வர் உங்களைச் சரிபார்ப்பது மட்டும் போதாது. உங்கள் லேப்டாப்பும் சர்வரைச் சரிபார்க்க வேண்டும், அதற்குத்தான் சர்வரின் அடையாள அட்டை மாதிரியான சான்றிதழ். லேப்டாப்புக்குத் தெரியாத சான்றிதழ் வந்தால் திரையில் ஒரு கேள்வி வரும்: இந்த இடத்தில் இந்த நெட்வொர்க் இருக்கும் என்று எதிர்பார்த்தால் தொடரலாம், இல்லையென்றால் இது வேறு நெட்வொர்க்காக இருக்கலாம், தொடரவா என்கிற மாதிரி. நானறிந்த மனிதர்கள் யாரும் அங்கே நின்று யோசிப்பதில்லை. ‘கனெக்ட்’ அழுத்துவார்கள். நான் எடுக்கச் சொன்ன பொத்தான் அதுதான். டீக்கடை ரவுட்டருக்குத் தேவையும் அந்த அழுத்தல்தான்.

அதற்குப் பிறகு நடப்பது எளிது. பல இடங்களில் பாஸ்வேர்டைச் சரிபார்க்க எம்எஸ்-சேப் இரண்டாம் பதிப்பு என்ற பழைய முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதை உடைப்பது டெஸ் என்ற பழைய சங்கேத முறையின் ஒற்றைச் சாவியைத் தேடும் வேலைக்குச் சமம் என்று 2012இல் டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில் பாதுகாப்பு ஆய்வாளர் மாக்ஸி மார்லின்ஸ்பைக் குழுவினர் காட்டிவிட்டார்கள். பொய் ரவுட்டரிடம் ஒருமுறை கைகுலுக்கினால் போதும், உங்கள் டொமைன் பாஸ்வேர்டு போன மாதிரிதான். மெயிலுக்கும் ஃபைல் சர்வருக்கும் அதே பாஸ்வேர்டுதான் என்பதை மறக்க வேண்டாம்.

இதைத் தடுக்கும் கட்டம் அதே வயர்லெஸ் பாலிசிக்குள்தான், நாலைந்து ஜன்னல் தாண்டி உள்ளே இருக்கிறது. சர்வர் சான்றிதழைச் சரிபார், இந்தப் பெயருள்ள சர்வரை மட்டும் நம்பு, புதிய சர்வரை நம்பலாமா என்று பயனரிடம் கேட்காதே. இந்த மூன்றையும் டிக் செய்துவிட்டால் பொய் ரவுட்டர் வரும்போது கேள்வியே வராது, இணைப்பு தானாக முறியும். பயனருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. வீட்டு வைஃபையைத் தொடவும் இல்லை.

ஆண்ட்ராய்டிலும் இதே திசையில்தான் போகிறார்கள். சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம் என்றொரு தேர்வு போனில் இருந்தது. 2020 டிசம்பர் அப்டேட்டில் பிக்சல் போன்களிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். விண்டோஸ் 11இன் 22எச்2 பதிப்பில் கிரெடென்ஷியல் கார்டு (Credential Guard) என்ற, சேமித்த உள்நுழைவு விவரங்களைக் காக்கும் பாதுகாப்பு, எண்டர்பிரைஸ் கணினிகளில் தானாகவே இயங்கத் தொடங்கியது. அதனால் எம்எஸ்-சேப் முறையில் தானாக உள்நுழைவது நின்றுபோனது, காலையில் லேப்டாப்பைத் திறந்தால் வைஃபை பாஸ்வேர்டு கேட்டது. அட்மின்கள் பலர் அந்தப் பாதுகாப்பை அணைத்துவிட்டு நிம்மதியானார்கள். மைக்ரோசாஃப்ட் சொல்வது பாஸ்வேர்டை விட்டுவிட்டு லேப்டாப்புக்கே சான்றிதழ் கொடுங்கள் என்று. வேலை அதிகம், ஆனால் அதுதான் சரி.

கல்லூரிக்காரர்களுக்கு மட்டும் இந்தப் பாலிசி எதுவும் உதவாது. மாணவர் கொண்டுவரும் லேப்டாப் மாணவருடையது, டொமைனில் சேர்க்க முடியாது. உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களில் ஓடும் எடுரோம் வைஃபையை இந்தியாவில் எர்னெட் என்ற அரசு சார்ந்த கல்வி, ஆய்வு நெட்வொர்க் அமைப்பு நடத்துகிறது. அதில் சேர ஒரு சிறிய அமைவு மென்பொருளைக் கொடுக்கிறார்கள். அதை ஓட்டினால் எந்தச் சர்வரை நம்ப வேண்டும் என்பதை அது தானே எழுதிவிடும். பாஸ்வேர்டை மட்டும் கையால் அடித்து எடுரோமில் சேரும் மாணவர்கள் தயவுசெய்து அந்த மென்பொருளைத் தேடி ஓட்டிவிடுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். வீட்டு வைஃபையில் ஒருமுறை சேர்ந்துவிட்டால் விண்டோஸ் அதன் பாஸ்வேர்டைச் சேமித்துக்கொள்ளும். வழக்கமாக அது கணினியின் எல்லாப் பயனருக்கும் பொதுவான புரொஃபைலாகத்தான் சேமிக்கப்படுகிறது. சங்கேதமாகத்தான் இருக்கும், ஆனால் நிர்வாகி உரிமை உள்ளவர் முன்பு சொன்ன நெட்ஷெல்லில் ஒரு வரி அடித்தால் எழுத்துக்கு எழுத்து காட்டிவிடும். எல்லா லேப்டாப்பிலிருந்தும் தூரத்திலிருந்தே எடுக்கவும் முடியும். எந்த அட்மினும் வேலைவெட்டி இல்லாமல் இதைச் செய்துகொண்டிருப்பதில்லை. ஆனால் நீங்கள் வேலையை விட்டு, அந்த லேப்டாப் அடுத்தவர் கைக்குப் போகும்போதும் உங்கள் பாஸ்வேர்டு அதில் இருக்கும். திருப்பிக் கொடுப்பதற்கு முன் செட்டிங்ஸில் போய் ‘ஃபர்கெட்’ கொடுத்துவிடுங்கள். இன்னும் நல்லது, வீட்டு ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் இருந்தால் அலுவலக லேப்டாப்பை அதில் போடுங்கள். வீட்டு டிவி, கேமரா, குழந்தையின் டேப்லெட் எதையும் அது பார்க்காது.

வைஃபை பாலிசியை வைத்து நீங்கள் வீட்டில் என்ன பார்க்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள முடியாது. அதற்கு வேறு மென்பொருள்கள் உண்டு, உங்கள் அலுவலகத்தில் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

அட்மினிடம் எப்படிக் கேட்பது? “என் வைஃபையைத் திறந்துவிடுங்க” என்று கேட்டால் பாதுகாப்பு விதி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். வேலையைச் சொல்லிக் கேளுங்கள். வாரத்தில் இத்தனை நாள் வீட்டிலிருந்து வேலை, விபிஎன் இருக்கிறது, தடை அலுவலகத்துக்குள் மட்டும் இருக்கும்படி கனெக்‌ஷன் மேனேஜர் பாலிசியாக மாற்ற முடியுமா என்று மெயிலில் எழுதுங்கள். மேலாளரையும் நகலில் வையுங்கள். சர்வீஸ் இன்ஜினியராக இருந்து, போகிற இடத்தில் சிசிடிவி டிவிஆருக்கோ மெஷினுக்கோ ஐபி முகவரி மாற்ற வேண்டியிருந்தால் முழு நிர்வாகி உரிமை கேட்காதீர்கள், கிடைக்காது. நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் ஆபரேட்டர்ஸ் என்ற குழுவில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே இருக்கிற குழு அது. அதில் சேர்த்தால் ஐபி முகவரியை மாற்றலாம், மென்பொருள் எதையும் நிறுவ முடியாது. நான் அறிந்தவரை இந்தக் கோரிக்கையை மறுக்கும் அட்மின்கள் குறைவு.